கப்பலில் வராத பூண்டு

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் வாயிலிருந்து பூண்டு வாசம் வந்தது.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பாராடாங் தீவில் அப்போது பூண்டே கிடையாது. மெட்ராஸிலிருந்து வர வேண்டிய கப்பல் பழுதாகி எங்கேயோ நிற்பதாகச் சொன்னார்கள். எங்கள் தீவுகளில் கப்பல் நின்றால் அடுக்களையில் ஒவ்வொன்றாக நிற்கும். முதலில் வெங்காயம் தீர்ந்தது. பிறகு உருளைக்கிழங்கு. எல்லோரும் கடைசிவரை பத்திரப்படுத்தியிருந்த பூண்டும் தீர்ந்தது. படகுகள் வந்து நிற்கிற ஜெட்டிக்கு மேலே கடை வைத்திருந்த பாய், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், வெறும் சாக்கை எடுத்து உதறிக் காட்டத் தொடங்கியிருந்தார். எனக்குப் பால் குடிக்கிற குழந்தை. பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடு, விட்டுவிடாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்த கடைசிப் பல்லை உரித்தது நான்தான். அதற்குப் பிறகு ரசத்தில் மிளகும் சீரகமும் மட்டும்தான் தட்டிப் போட்டேன்.

ஆனாலும் எழுந்துபோய் ரசச் சட்டியை முகர்ந்து பார்த்தேன். பருப்பை முகர்ந்தேன். கொடியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து முகர்ந்தேன். துண்டில் டீசலும் வியர்வையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் அதே வாசமும் இருந்தது.

"வெளியில எங்கயும் சாப்பிட்டியளா?" என்று கேட்டேன்.

"எங்க போய்ச் சாப்பிட? எஞ்சின் ரூம்ல டீசல்தான் கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

கேள்வி கேட்டால் சிரிக்கிறவர்களை எனக்கு எப்போதும் நம்ப முடிந்ததில்லை.

நான் இயல்பிலேயே பயந்தவள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு, கொதித்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அடுப்பில் ஏற்றுவேன். தாழ்ப்பாள் போட்டதைத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். முதலில் பார், பிறகு முடிவுக்கு வா என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் படித்தவள். வேலைக்குப் போவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அவர் சர்க்கார் மோட்டார் படகில், லாஞ்சு என்பார்கள், எஞ்சின் டிரைவர். பாராடாங்கில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே கடல் ஒரு அகலமான ஆறு போல ஓடும். ரோடு போடுகிற கூலிகள், அரிசி மூட்டை, தபால், நோயாளி என்று எல்லாவற்றையும் அந்த லாஞ்சுதான் கடத்திவிடும்.

அக்கரை ஜெட்டியில் ஒரு சாயாக் கடை இருந்தது. அதை நடத்தியவள் சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். அவள் புருஷன் மரம் வெட்டும் முகாமில் மாதக்கணக்கில் தங்கிவிடுவான். அவளுடைய தம்பி கப்பலில் சமையல் கட்டில் வேலை பார்த்தான். அதனால் ஊரில் இல்லாத பொருளும் அவள் கடையில் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தீவில் ஒரு பல் பூண்டு மிச்சமிருந்தால் அது அங்கேதான் இருக்க வேண்டும். அந்த ஒரு வாசத்திலிருந்து நான் எவ்வளவு தூரம் போய்விட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இல்லை. அன்று என்னிடம் இருந்த சாட்சியங்களை வைத்து வேறு யாராக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள்.

ஒரு முடிவும் எடுத்தேன். இது உண்மைதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கப்பலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. திரும்பி வருவதில்லை.

அதன்பின் வாசம் விட்டுப்போகும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஒரு தடவை சாப்பிட்ட பூண்டின் வாசம் மறுநாள் போய்விடும். இது போகவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டு வரும்போதும் இருந்தது. அப்படியானால் தினமும் சாப்பிடுகிறார்.

ஏன் நேரமாயிற்று, ஞாயிற்றுக்கிழமை லாஞ்சில் என்ன வேலை என்று எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது. பெட்டி.

கடைசியாக வந்த கப்பலில் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். ஏதோ ஓர் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர். என் வீட்டுக்காரருடைய லாஞ்சில் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஒரு செப்புப் பெட்டியைப் பொருத்திவிட்டு, அதைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி இவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு வேலையாகப் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார். எஞ்சினில் ஊற்றுகிற டீசலில் லாஞ்சைத் தள்ளுவது ஒரு பங்குதானாம். பெரும்பங்கு வெறும் சூடாகக் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடுகிறதாம். அதில் கொஞ்சத்தைப் பிடித்துக் கரண்டாக மாற்றினால் வயர்லெஸ் பாட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே போகலாமாம். அதற்குத்தான் பெட்டி.

அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை வைத்து அவர் எனக்கு விளக்கிக் காட்டினார். "இந்தப் பக்கம் புகைக்குழாயோட சூடு. அந்தப் பக்கம் கடல் தண்ணி ஓடிட்டே இருக்கும், குளிர்ச்சி. நடுவுல சின்னச் சின்னத் துண்டு. சூடு இங்கேருந்து அங்க போவும்லா, போற வழியில கொஞ்சம் கரண்டக் குடுத்துட்டுப் போவும். சுத்துற சாமானே கெடையாது புள்ள. சத்தமே இருக்காது."

டைனமோவைச் சுற்றினால் கரண்டு வரும் என்று நான் பயிற்சிப் பள்ளியில் மாதிரிப் பாடம் நடத்தியிருக்கிறேன். சுற்றாமல், சத்தம் போடாமல் கரண்டு வரும் என்பதை நான் நம்பவில்லை. நம்பாமலிருக்க இன்னொரு காரணமும் இருந்தது. கரண்டு வருகிறதா என்று பார்க்க அவர் பெட்டியின் கம்பியில் ஒரு டார்ச் பல்பை மாட்டியிருந்தார். அந்தப் பல்பு ஒருநாளும் எரிந்ததில்லை.

துண்டுகள் குழாயோடு ஒட்டி உட்காராததுதான் காரணம் என்றார். கட்டைவிரல் நகம் அளவில், சாம்பல் நிறத்தில், உடைத்த கரி போல மினுங்குகிற துண்டுகள். அவற்றின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, சமமாக உரச வேண்டும் என்றார். அரம் போட்டால் நொறுங்கிவிடும். உப்புத்தாள் ஸ்டோரில் தீர்ந்துவிட்டது. அதுவும் கப்பலில் வர வேண்டும். அதனால் என் தீட்டுக்கல்லைக் கேட்டார். கல்யாணச் சாமானோடு அப்பா வாங்கித் தந்த கல், உள்ளங்கை போல வழவழப்பானது. காலையில் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவார். அரிவாள்மணைக்குச் சாணை பிடிக்க எனக்கு வேண்டும் என்பதால் சாயங்காலம் மறக்காமல் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்துவிடுவார். கல்லை எடுத்துப் போவதும் கொண்டுவருவதும்கூட எனக்கு நாடகமாகத்தான் பட்டது. எரியாத பல்புக்காக எந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமையைத் தருவான்?

பிறகு அது குழந்தைக்கு வந்தது.

அவளுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. பாலோடு, மசித்த பூசணியும் பப்பாளித் துண்டும் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். கப்பல் நின்ற காலத்தில் பப்பாளிதான் எங்களைக் காப்பாற்றியது. ஒருநாள் மடியில் படுத்தபடி அவள் கொட்டாவி விட்டாள். சின்ன வாய், நாலு பல். அதிலிருந்து பூண்டு வாசம் வந்தது.

சாயங்காலத்தில் அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெட்டி வரை போவது வழக்கம். ஜெட்டி வரைதான் என்று நினைத்திருந்தேன். அவர் போகட்டும், சாப்பிடட்டும். என் குழந்தையை அந்த வீட்டுக்குத் தூக்கிப் போய், அந்தக் கையால் ஊட்டவிட்டிருக்கிறாரா? அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து சாயங்காலமானால் அவளுக்குச் சளி, அவளுக்குத் தூக்கம் என்று ஏதாவது சொல்லி அவளை வெளியே விடாமல் வைத்துக்கொண்டேன். அப்படியும் வாசம் போகவில்லை. எனக்குத் தெரியாமல் எப்போது தூக்கிப் போகிறார் என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

"கொழந்தைக்கு முடி எறக்கணும், காது குத்தணும். அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம், இப்போது என்ன அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "போய்ட்டு வா. ஊர்லன்னா நல்லாச் சாப்பிடலாம். இங்க இருந்து என்ன கெடைக்கி உனக்கு" என்றார்.

எவ்வளவு சுலபமாக அனுப்புகிறார். அடுத்த நாளே கப்பல் டிக்கெட்டுக்கு ஆபீஸில் என் பெயரையும் குழந்தையின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா, நான் தீதி என்று கூப்பிடுகிறவள், வந்தாள். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறியவர்கள். அவள் கணவர் எங்கள் லாஞ்சில் கயிறு கட்டுகிற லஸ்கர். நாங்கள் இருவரும் தெரிந்த இந்தியில் பேசிக்கொள்வோம். அவளுடைய பையனுக்கு ஜலதோஷம், கடுகெண்ணெயில் பூண்டு காய்ச்சி நெஞ்சில் தடவ வேண்டும், இரண்டு பல் போதும் என்றாள்.

"லசுன் நஹீ ஹை, தீதி" என்றேன், பூண்டு இல்லையென்று.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் பேசி முடித்த காற்று இன்னும் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. "அச்சா, பாபி", சரி அண்ணி, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் பையன் எங்கள் வாசலுக்கு விளையாட வரவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றது. என் வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர் பிடித்து வந்தேன்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே அக்கரைக்குப் போனேன். லாஞ்சில் போனால் அவருக்குத் தெரிந்துவிடும். துடுப்புப் போடுகிற தோணி ஒன்றில், குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நீரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். முதலைகள் இருக்கிற நீர் அது. அவள் கடையில் பூண்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவது என்று இருந்தேன்.

அவள் என்னைவிட ஒல்லியாக, இடுப்பில் ஈரத் துண்டோடு, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். டிரைவர் வீட்டம்மா என்று தெரிந்ததும் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். நான் கேட்காமலே சாயா போட்டுக் கொடுத்தாள். பால் கிடையாது, கறுப்புச் சாயா. கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். குழந்தையின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு என் பக்கம்.

"விக்கவா கொண்டாந்திருக்கீங்க தங்கச்சி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதை என்றேன்.

"பூண்டத்தான். ஒளிக்காதீங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். டிரைவர் அண்ணன்கிட்டயும் கேட்டேன், ஒங்க வீட்டுல மட்டும் எப்படி இருக்குன்னு. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. நீங்க ஆளு வெவரம்தான். எனக்கு ஒரு கைப்பிடி போதும், பதிலுக்குக் கருவாடு தாரேன்."

சட்டிகள், தகர டப்பாக்கள், கூரையில் தொங்கிய கூடை எல்லாவற்றையும் என் கண் மேய்ந்தது. அவளிடம் பூண்டு இல்லை. பூண்டு வைத்திருக்கிறவள் இப்படிக் கெஞ்ச மாட்டாள். ஒருவேளை நடிக்கிறாளோ என்று தோணியில் திரும்பும்போது தோன்றியது. ஆனால் அவள் என்னையுமல்லவா முகர்ந்தாள்? என் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தோணிக்காரரிடம் கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமல் விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். அவர் எதையோ மறைக்கிறார் என்பது பழையது. என் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று புகுந்து மூன்று பேர் வாயிலும் உட்கார்ந்திருக்கிறது என்பது புதியது. நெய்யை மாற்றினேன். தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டு வேறு வைத்தேன். எல்லாப் பாத்திரங்களையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அரிவாள்மணையைத் தீட்டுக்கல்லில் நன்றாகத் தீட்டி, பளபளவென்று ஆக்கி வைத்தேன்.

கப்பல் புறப்பட்டுவிட்டது என்று வயர்லெஸில் செய்தி வந்த வாரத்தில் இன்ஜினியர் திரும்பி வந்தார். அவர் பெட்டியைப் பார்த்து முடித்ததும் என் வீட்டுக்காரர் அவரைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். மெட்ராஸ்காரர், கண்ணாடி போட்டவர், நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வீட்டுல பூண்டு சமைச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் விருந்தாளி என்றும் பாராமல் வெளியே வந்துவிட்டது. "இந்தத் தீவுலயே பூண்டு கெடையாது. அடுப்புல இருக்க சட்டியத் தொறந்து பாருங்க. பரணைப் பாருங்க. யார் கேட்டாலும் இதத்தான் சொல்லுதேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ."

"நான் நம்புறேன்" என்றார்.

அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்காகச் சந்தோஷப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, உபரியாகக் கொடுத்த துண்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சமமாக உட்கார வேண்டும் என்று உரசினேன் என்றார் இவர். எதில் உரசினீர்கள் என்று அவர் கேட்டார். இவர் திரும்பி அடுக்களை மூலையைப் பார்த்தார். அங்கே அரிவாள்மணை, பக்கத்தில் தீட்டுக்கல், அதற்கும் பக்கத்தில் குழந்தைக்காக நான் பாதி நறுக்கி வைத்த பப்பாளி.

இன்ஜினியர் குனிந்து கல்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். வழவழப்பான கல்லின் நடுவில் மெல்லிய சாம்பல் மினுக்கம் இருந்தது. தினமும் பார்த்ததுதான். இரும்புத் தூள் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் துண்டில் டெல்லூரியம் என்று ஒரு பொருள் கலந்திருக்கிறது என்று விளக்கினார். தூளாகவோ ஆவியாகவோ ஒரு கடுகளவு உடம்புக்குள் போனால்கூட மூச்சில் பூண்டு வாசம் வருமாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்குமாம். கல்லிலிருந்து அரிவாள்மணைக்கும், அதில் நான் நறுக்கியதற்கெல்லாமும் அந்தத் தூள் ஏறியிருக்கிறது. எங்கள் இடத்தில் இதை அறுக்கிற ஒருவருக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தும் அமையவில்லை என்று சிரிக்கத் தொடங்கினார். இவரும் கொஞ்சம் சிரித்தார். அவர்களுடைய சிரிப்பு அடங்கும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை.

"கொழந்தைக்கும் வருது சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் தரையில் மண்டியிட்டு, குழந்தையிடம் ஆ காட்டச் சொன்னார். அவள் விளையாட்டென்று நினைத்து ஆ காட்டினாள். முகர்ந்துவிட்டு அவர் எழுந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். "வாசத்தால பயமில்லம்மா, அது தானாப் போயிடும். ஆனா அந்தத் துண்டுல ஈயமும் சேர்ந்திருக்கு. சின்ன உடம்பு. டாக்டர்கிட்ட காட்டிடலாம். நீங்க உரசுவீங்கன்னு நான் நினைக்கல. சொல்லிட்டுப் போயிருக்கணும்."

கல்லை நான் எடுத்துக்கொண்டு போய் ஜெட்டியிலிருந்து கடலில் எறிந்தேன். பிறகு மீன் தின்னுமோ என்று பயம் வந்தது.

மறுநாள் அதே லாஞ்சில் போர்ட் பிளேருக்குப் போனோம். எஞ்சின் ரூமின் வாசலில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இவர் எஞ்சினைக் கவனித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நீ ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

பூண்டைத்தான். லஸ்கர் சொன்னானாம், லாஞ்சுக்குத் தலைவரான சராங்கு சொன்னாராம், அக்கரையில் சொன்னார்களாம்: உன் வீட்டில் பூண்டு இருக்கிறது, உன் பெண்சாதி ஒருத்திதான் தின்கிறாள், உனக்குக்கூடத் தருவதில்லை என்று. அந்தத் தூளிலேயே கிடந்து பழகிப்போனதால் இவருக்கு மூக்கில் எதுவும் தெரியவில்லை. ஊர் சொன்னதை நம்பியிருக்கிறார்.

"பால் குடுக்கிறவ, தின்னுட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். கேட்டா வெக்கப்படுவியேன்னுதான் சிரிச்சுட்டுப் போவேன். ஊருக்குப் போறேன்னதும், சரி, அங்கயாவது ஒளிக்காமத் திங்கட்டும்னு நெனச்சேன்."

அக்கரைச் சாயாக் கடையைப் பற்றி நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. இப்போது இதை அவர் படித்தால்தான் தெரியும்.

அப்போதுதான் அவருடைய தலைக்கு மேலே பார்த்தேன். புகைக்குழாய்ப் பெட்டியிலிருந்து வந்த கம்பியின் நுனியில் டார்ச் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் மஞ்சளாக, சின்னதாக, ஆனால் நிதானமாக. உரசிய துண்டுகள் சரியாக உட்கார்ந்துவிட்டன. அவர் சொன்னது போலவே எதுவும் சுற்றவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை. இன்ஜினியர் அடிக்கடி வந்து அதைப் பார்த்தார். என் கண்ணில் பட்டதும் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு போனார். இவர் அதை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தையின் வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் ஈறுகளை இழுத்துப் பார்த்தார். கண் இமையைப் பிரித்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றை அழுத்தினார். பார்த்தவரை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ரத்தத்தில் ஈயம் பார்க்கிற வசதி இங்கே கிடையாது, மனசு கேட்காவிட்டால் மெட்ராஸில் காட்டுங்கள் என்றார். மனசு கேட்காவிட்டால் என்ற வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில் கப்பல் நின்றது. அவரை விட்டுப் போவதற்கென்று நான் பெயர் கொடுத்த அதே கப்பல். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வெங்காயம், உருளை, பிறகு வலைச் சாக்குகளில் பூண்டு. அந்த இடமே மணத்தது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மூச்சை இழுத்து விட்டார்கள். நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். முதலில் தீதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். குழந்தையைக் கையில் தரும்போது, அவள் முகத்தின் பக்கம் மூச்சு விடாமல் தலையைத் திருப்பிக்கொண்டு தந்தார். அதைப் பார்த்ததும் நான் முதல்முறையாக அழுதேன்.

மெட்ராஸில் ரத்தம் எடுத்தார்கள். பயப்படும்படி எதுவுமில்லை, சத்தான ஆகாரம் கொடுங்கள் என்றார்கள். நான் நம்பினேனா? வாசம் இருக்கும்வரை அது உள்ளேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வாசம் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வீட்டில் வேறு பூண்டு இருக்கக் கூடாது. அம்மா வீட்டில் பூண்டை நிறுத்தச் சொன்னேன். ரசத்தில் கிடையாது, ஊறுகாய் கிடையாது, எதிலும் கிடையாது. "இது என்ன வீடா, மடமா?" என்று அண்ணன் கேட்டான். ஒருநாள் அவன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து குழந்தையைக் கொஞ்சினான். அதைக் கண்டுபிடித்து, அவனை வெளியே நிறுத்திச் சண்டை போட்டேன்.

பல வாரங்கள் கழித்து ஒரு காலையில் குழந்தை என் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டாள். பால் வாசம் மட்டும்தான் வந்தது. என் மூக்கை நம்பாமல் அண்ணியை முகரச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன், திருந்தி வந்த அண்ணனையும் சொன்னேன். "பால்தான்டி, பால்தான்" என்றாள் அண்ணி. மறுநாளும் கேட்டேன். அன்றும் பால்தான்.

அடுத்த கப்பலில் திரும்பினேன். பாராடாங் ஜெட்டியில் அவர் நின்றிருந்தார். சராங்கு, லஸ்கர், தீதி, தீதியின் பையன் எல்லோரும் இருந்தார்கள். இறங்கியதும் முதலில், "ஆ காட்டுங்க" என்றேன்.

அத்தனை பேருக்கு நடுவில் அவர் வாயைத் திறந்தார். பூண்டு வாசம் வந்தது.

"காலைல ரசம் வச்சேன் புள்ள. நெசமாத்தான்" என்றார். தீதி சிரித்துவிட்டாள். பெட்டி எங்கே என்று கேட்டேன். இன்ஜினியர் தகரத்தால் மூடிச் சீல் வைத்துவிட்டார், இனி யாரும் திறக்க முடியாது, பல்பு இன்னும் எரிகிறது என்றார். நான் குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுக்களைக்குப் போனேன். அரிவாள்மணை புதிது. அதன் பக்கத்தில் ஒரு புதுத் தீட்டுக்கல் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எந்த மினுக்கமும் இல்லை. அடுப்பில் ரசச் சட்டி இருந்தது. திறந்து கரண்டியால் அடிவரை துழாவினேன். நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று மேலே வந்தது. கீழே, அடுப்பைச் சுற்றி, கூட்டாமல் விட்ட பூண்டுத் தோல் தரையெல்லாம் பறந்து கிடந்தது. குப்பை இப்படிக் கிடந்தால் எனக்குக் கோபம் வரும். அன்று உட்கார்ந்து அதைக் கையில் அள்ளி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். பிறகுதான் விளக்குமாற்றை எடுத்தேன்.